பழைய இழைப்பு மெஷினுக்கு ஸ்டார்ட்டர் மாத்தறது: நேரா எம்சிபி போட்டு ஓட்டலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதை ரெண்டு தடவை படிச்சேன். அப்பா காலத்துல வாங்கின இழைப்பு மெஷின், 5 ஹெச்பி மூணு பேஸ் மோட்டார், வார்ப்பிரும்பு பெட்டிக்குள்ள பழைய டிஓஎல் ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாரை நேரா லைன்ல சேர்த்து ஓட்டற வகை. பச்சை பட்டனை அமுக்கிப் பிடிச்சுட்டே இருந்தாத்தான் ஓடுது, கையை எடுத்தா நின்னுடுது, ஓடும்போதும் உர்ருனு ஒரே இரைச்சல். கடையில கேட்டதுக்கு ஸ்டார்ட்டரே வேண்டாம், 32 ஆம்ப் எம்சிபி (அளவுக்கு மேல கரண்ட் போனா தானா விழற சுவிட்ச்) ஒண்ணு மாட்டி நேரா ஓட்டிக்குங்கன்னு சொல்லிட்டாங்க. அது சரியா, இல்லைன்னா எதை வாங்கறது, எப்படி மாத்தறது, இதானே கேள்வி. கூடவே பக்கத்துப் பட்டறை பேண்ட் ஸா (பட்டை ரம்ப மெஷின்) பத்தியும் ஒண்ணு கேட்டிருக்கீங்க, அதுக்குக் கடைசில வரேன்.

எம்சிபி போட்டு நேரா ஓட்டாதீங்க. மிச்சதைப் படிக்க நேரம் இல்லைன்னாலும் இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

நான் மோட்டார் ரீவைண்டிங், பேனல் ஒயரிங்னு இருபத்தெட்டு வருஷமா இதே வேலையில இருக்கேன். ஆரம்பத்துல ஒரு பட்டறைக்கு பம்பு மோட்டார் மாட்டப் போயிருந்தேன், அங்க பிளேனர் ஒண்ணு, உங்களோடது மாதிரி இழைப்பு மெஷின்தான், வெறும் லீவர் சுவிட்ச்ல ஓடிட்டு இருந்துச்சு. பாத்தேன், சொல்லணும்னு தோணுச்சு, நம்ம வேலை அது இல்லையேன்னு வந்துட்டேன். அடுத்த மாசம் ஒருநாள் வேலை நடக்கும்போது கரண்ட் போயிருக்கு, எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க, சுவிட்ச் ஆன்லயே கெடக்கு, ஒரு பையன் மட்டும் சும்மா நிப்பானேன்னு கத்தி மாட்டின உருளையில, கட்டர் பிளாக்னு சொல்லுவோம், அதுல அடைச்சிருந்த சீவலைக் கையால நோண்டிட்டு இருந்திருக்கான், அந்த நேரம் கரண்ட் வந்துடுச்சு. வலது கையில ரெண்டு விரல். நான் அன்னிக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்த ஓனர் கேட்டிருப்பார்னு இன்னைக்கும் நெனைக்கறேன். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கிற காயில் கரண்ட் போனதும் விட்டுடும், திரும்ப கரண்ட் வந்தாலும் யாராவது வந்து பச்சை பட்டனை அமுக்கற வரைக்கும் ஒட்டாது. இதைத்தான் நோ வோல்ட் ரிலீஸ்னு சொல்றோம். மர வேலை மெஷினுக்கு மோட்டாரை ஓட்டறதை விட இதுதான் ஸ்டார்ட்டரோட முதல் வேலைன்னு நான் சொல்லுவேன். எம்சிபிக்கு இந்தப் புத்தி கிடையாது, ஆன்ல இருந்தா கரண்ட் வந்ததும் மெஷின் தானா சுத்தும்.

இன்னொண்ணு மோட்டார் பாதுகாப்பு. 5 ஹெச்பின்னா 3.7 கிலோவாட், 415 வோல்ட்ல ஃபுல் லோடு சுமார் 7.5 ஆம்ப். 32 ஆம்ப் எம்சிபியோட குணம் என்னன்னா அதோட அளவுல 1.13 மடங்கு வரைக்கும், அதாவது 36 ஆம்ப் வரைக்கும், ஒரு மணி நேரம் போனாலும் விழக்கூடாதுன்னுதான் அதைச் செஞ்சிருக்காங்க. 1.45 மடங்கு, 46 ஆம்ப் போனாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தாகணும். இப்ப உங்க மோட்டாரை யோசிங்க. கட்டை மாட்டி பிளாக் நின்னுடுச்சுன்னு வைங்க, ஸ்டார்டிங் கரண்ட் மாதிரி ஆறு மடங்கு இழுக்கும், 45 ஆம்ப். அந்த எம்சிபி அதுக்கு எப்ப விழும்னு நம்பி நிக்க முடியாது, வைண்டிங்ல வார்னிஷ் வாடை வர்றதுக்கு அவ்ளோ நேரமெல்லாம் தேவையே இல்ல. அதை விட மோசம் ஒரு பேஸ் போறது. நல்ல லோடுல ஓடிட்டு இருக்கும்போது ஒரு பேஸ் போச்சுன்னா மிச்ச ரெண்டு பேஸ்ல கரண்ட் சுமார் 1.73 மடங்கு ஏறும், 13 ஆம்ப் கிட்ட. 32 ஆம்ப் எம்சிபிக்கு 13 ஆம்ப்ங்கறது ஒரு விஷயமே இல்ல. மோட்டார் வெந்துட்டே ஓடும். என்கிட்ட ரீவைண்டிங்குக்கு வர்ற மோட்டாரை திறந்ததும் வைண்டிங் முழுக்க கருகாம, ஒரு பேஸோட காயிலோ ரெண்டு பேஸோட காயிலோ மட்டும் கருகி, மிச்சம் புதுசு மாதிரி இருக்கும், அதைப் பாத்த உடனே தெரிஞ்சிடும் இது பேஸ் போய் எரிஞ்சதுன்னு.

சரி, இப்ப உங்க ஸ்டார்ட்டருக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம். பட்டனைப் பிடிச்சா ஓடுது விட்டா நிக்குதுன்னா காயில் நல்லா இருக்கு, ஸ்டாப் பட்டன் வழி நல்லா இருக்கு, ஓவர்லோடு ரிலேயோட (மோட்டார் அதிகமா கரண்ட் இழுத்தா நிறுத்தி விடற பாகம்) வழியும் நல்லா இருக்கு. பிடிச்சு வச்சுக்கற காண்டாக்ட் இருக்கே, கான்டாக்டர் (காயில் இழுத்ததும் மோட்டாருக்கு கரண்டை சேர்க்கற பாகம்) பக்கத்துல சின்னதா, புதுசுல 13-14னு போட்டிருப்பாங்க, பழசுல நம்பரே இருக்காது, அது தேஞ்சிருக்கும் இல்ல அதுக்குப் போற ஒயர் கழண்டிருக்கும். பச்சை பட்டனை விட்டதும் காயிலுக்குக் கரண்ட் அந்த வழியாத்தான் வரணும், வழி இல்லைன்னா விட்டுடும். உர்ருனு இரைச்சல் வேற காரணம். காயிலோட இரும்புக் கட்டை ரெண்டும் ஒட்டற முகத்துல மரத்தூளும் எண்ணெயும் சேந்து பிசினா ஒட்டிக்கும், இல்ல துரு ஏறும், முழுசா ஒட்டாம அதிரும். அந்தக் கட்டை முகத்துல செம்பு வளையம் மாதிரி ஒண்ணு பதிச்சிருக்கும், ஷேடிங் ரிங்னு சொல்லுவாங்க, அது வெடிச்சிருந்தாலும் இப்படித்தான் கத்தும், எவ்ளோ துடைச்சாலும் நிக்காது. வோல்ட்டேஜ் கம்மியா இருந்தாலும் கத்தும். இப்படி அதிர்றப்ப மெயின் காண்டாக்ட் ஒட்டி ஒட்டிப் பிரியும், ஒவ்வொரு தடவையும் பொறி, அதான் காண்டாக்ட் கருகி குழி விழறது, அங்கேயேதான் ஒரு பேஸ் போறதும் ஆரம்பிக்குது.

இந்த நிலைமையில காண்டாக்டை எமரி பேப்பர் போட்டு தேச்சு ஓட்டறவங்க நிறைய பேர். வேண்டாம். அது வெள்ளி கலந்த முகம், மேல கருப்பா தெரியறது அதுக்கு ஒண்ணும் பண்ணாது, தேச்சு எடுத்தா வெள்ளி போயி அடியில இருக்கிற செம்பு வந்துடும், அப்புறம் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா ஸ்டாப் பட்டன் அமுக்கினாலும் மெஷின் நிக்காது. பிளேனர்ல அது எவ்ளோ ஆபத்துன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ரிப்பேரா, புதுசான்னு கேட்டா: எல் அண்ட் டி எம்கே1 மாதிரி பரவலா ஓடற மாடலா இருந்து பெட்டி நல்லா இருந்தா, காண்டாக்ட் கிட்டும் காயிலும் தனியா வாங்கிப் போடலாம், தப்பில்ல. ஆனா உங்க போட்டோல அந்த ரிலே இடத்துல ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு கம்பி போட்டு நேரா இணைச்சிருக்கறது தெரியுது. யாரோ எப்பவோ அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு ரிலேயையே ஒதுக்கிட்டாங்க. அப்ப உங்க மோட்டாருக்கு இத்தனை வருஷமா ஓவர்லோடு பாதுகாப்பே கிடையாது. அதனால முழுசா புதுசு வாங்கிடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி மோட்டார் பிளேட்டை மண்ணெண்ணெய் துணி வச்சு துடைச்சு படிங்க. ஹெச்பியை வச்சு வாங்காதீங்க, ஆம்பை வச்சு வாங்குங்க. பழைய மோட்டார்ல பலதடவை ரீவைண்டிங் ஆகியிருக்கும், பிளேட் ஒண்ணு சொல்லும் உள்ள ஒண்ணு இருக்கும், அதனால டங் டெஸ்டர் (ஒயரைச் சுத்திப் பிடிச்சு ஆம்ப் அளக்கற மீட்டர்) வச்சு மூணு பேஸ்லயும் ஓடும்போது எவ்ளோ இழுக்குதுன்னு பாத்து வச்சுக்கறது நல்லது. பிளேட்ல 7.5 ஆம்ப்னு இருக்குன்னு வச்சுப்போம்.

கான்டாக்டர் மேல ரெண்டு ஆம்ப் போட்டிருப்பாங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. பெருசா 25 ஆம்ப்னு இருக்கும், அது ஏசி-1, ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டாருக்குப் பாக்க வேண்டியது ஏசி-3, அதே கான்டாக்டர்ல அது வெறும் 9 ஆம்ப்னு இருக்கும். கணக்குப்படி 9 ஆம்ப் ஏசி-3 உங்களுக்குப் போதும். நான்னா ஒரு படி மேல 12 ஆம்ப் போடுவேன், 18 போட்டாலும் சரி, ஏன்னா பட்டறையில ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஸ்டார்ட் ஸ்டாப் பண்ணுவீங்க, தூசி இருக்கு, வோல்ட்டேஜும் சரியா வராது, விலையில வித்தியாசமும் பெருசா இருக்காது. ஆனா பெரிய கான்டாக்டர் எடுத்தா அதுல உக்கார்ற ரிலேயா பாத்து எடுங்க, எல்லா ரிலேயும் எல்லாத்துலயும் மாட்டாது.

ரிலே 6ல இருந்து 10 ஆம்ப் வரைக்கும் திருப்பற மாதிரி வாங்குங்க, உங்க 7.5 நடுவுல வரணும், ஓரத்துல வரக்கூடாது. பேஸ் போனா சீக்கிரம் ட்ரிப் ஆகற அமைப்பு உள்ளதான்னு கேட்டு வாங்குங்க, இப்ப வர்ற நல்ல பைமெட்டல் ரிலேல அது உண்டு, உள்ள சூட்டுல வளையற மூணு பட்டையும் ஒரே அளவு வளையலைன்னா அதுவே தள்ளி விட்டுடும். உங்க லைன்ல அடிக்கடி ரெண்டு பேஸ்தான் வருதுன்னா கூட ஒரு சிங்கிள் பேஸ் ப்ரிவென்டரும் போட்டுடுங்க, போர்வெல் மோட்டாருக்கு போடறாங்களே அதே சாமான்தான்.

காயில் வோல்ட்டேஜ் விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க, புது ஸ்டார்ட்டர் மாட்டின அன்னைக்கே எரிஞ்சதுன்னு வர்றதுல பாதி இதுதான். 415 வோல்ட் காயில்னா ரெண்டு பேஸுக்கு நடுவுல குடுக்கணும், 240 காயில்னா ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல. 240 காயிலுக்கு ரெண்டு பேஸ் குடுத்தா கொஞ்ச நேரத்துல புகை வந்துடும், 415 காயிலுக்கு பேஸும் நியூட்ரலும் குடுத்தா ஒட்டாது, ஒட்டினாலும் கத்தும். உங்க மெஷினுக்கு மூணு பேஸும் எர்த்தும்தான் வந்திருக்கு, நியூட்ரல் வரலைன்னு எழுதிருக்கீங்க. அப்ப 415 காயில்தான். தயவுசெஞ்சு 240 காயில் வாங்கிட்டு, நியூட்ரல் இல்லையேன்னு எர்த்ல இழுத்துக் குடுத்துடாதீங்க. வேலை செய்யும், அதான் ஆபத்தே. எர்த் ஒயர் எங்கயாவது விட்டுப் போச்சுன்னா காயில் வழியா மெஷின் பாடிக்கே கரண்ட் வந்து நிக்கும், இரும்பு டேபிள்ல ரெண்டு கையும் வச்சு வேலை செய்யற ஆளு நீங்க.

415 காயில்ல ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லிடறேன். காயில் ஆர் பேஸுக்கும் பி பேஸுக்கும் நடுவுல இருக்குன்னு வைங்க, ஒய் பேஸ் போனா காயிலுக்கு அது தெரியவே தெரியாது, பிடிச்சுட்டே இருக்கும். கரண்ட் போனா ஸ்டார்ட்டர் விட்டுடுமே, பேஸ் போனாலும் விட்டுடும்னு சிலர் நம்பிட்டு இருக்காங்க. மூணுல ரெண்டு பேஸுக்கு வேணா அப்படி நடக்கலாம், அதுவும் நிச்சயம் இல்ல. மூணாவதுக்கு ரிலேதான் காவல்.

சாதாரண காயில் அதோட வோல்ட்டேஜ்ல 85 சதவீதம் இருந்தாத்தான் ஒட்டும்னு கேரண்டி, 415ல கணக்கு பண்ணா 353 வோல்ட். சாயங்காலம் உங்க ஊர்ல 340, 350னு வந்தா பட்டன் அமுக்கினா டடடடன்னு அடிக்கும். அப்படி இருந்தா கடையில கம்மி வோல்ட்டேஜ்லயும் ஒட்டற வைட் பேண்ட் காயில் கேளுங்க. ஆனா 340 வோல்ட்ல ஒட்டுதேன்னு அந்த வோல்ட்டேஜ்ல பெரிய பலகையா தள்ளாதீங்க, வோல்ட்டேஜ் கம்மியானா மோட்டார் அதிக ஆம்ப் இழுக்கும்.

மேல லைன் பக்கத்துக்கு 20 ஆம்ப் ஹெச்ஆர்சி ஃப்யூஸ் இல்ல 20 ஆம்ப் சி கர்வ் மூணு போல் எம்சிபி, அது ஷார்ட் சர்க்யூட்டுக்கு. எம்சிபிக்கு இங்க வேலை இருக்கு, ஆனா ஸ்டார்ட்டர் வேலை இல்ல. ஃப்யூஸ் கட்டையில கையில கிடைச்ச கம்பியைச் சுத்தறதை இதோட நிறுத்திடுங்க, ஒரு கட்டையில மட்டும் மெல்லிசு கம்பி போட்டு அது மட்டும் போறதுதான் பேஸ் போறதுக்குப் பட்டறைகள்ல ரொம்ப சாதாரணமான காரணம்.

பெட்டி எங்க மாட்டறதுன்னு யாரும் யோசிக்கறதில்ல. பழையது மெஷின் பாடியிலயே மாட்டிருக்கு, அந்த அதிர்வுல எல்லா ஸ்க்ரூவும் கழண்டுதான் உங்களுக்கு இந்த நிலைமையே வந்திருக்கலாம். புதுசை சுவத்துல மாட்டுங்க, இல்ல தனி ஆங்கிள் ஸ்டாண்டுல, நிமிந்து நேரா, படுக்க வைக்கக் கூடாது. ஒயர் கீழ இருந்து கிளாண்ட் வழியா ஏறணும். மேல ஓட்டை போட்டா தூள் நேரா கான்டாக்டர் மேல கொட்டும். பெட்டி ஐபி 54 இல்ல 55ஆ (தூசியும் தண்ணியும் உள்ள போகாம தடுக்கற அளவு) பாத்து வாங்குங்க, கேஸ்கெட் இருக்கணும். மரத்தூளும் பொறியும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கக்கூடாது, தீ பிடிக்கற சமாச்சாரம் அது. பெட்டி சுவத்துக்குப் போயிட்டா ஸ்டாப் பட்டன் தூரமாயிடும், அதனால மெஷின்ல நீங்க நிக்கற இடத்துல, இடுப்பு உயரத்துல, காளான் மாதிரி பெரிய சிவப்பு பட்டன் ஒண்ணு கட்டாயம் போடுங்க, ரெண்டு கையும் பலகையில இருக்கும்போது தொடையாலயே தட்டி நிறுத்தற மாதிரி இருக்கணும்.

இப்ப கழட்டறது. இது 415 வோல்ட், அனுபவம் இல்லைன்னா லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுக்குங்க, நான் எழுதறதை வச்சு அவர் பண்றது சரியான்னு நீங்க பாத்துக்கலாம். மெயினை ஆஃப் பண்ணுங்க, மூணு ஃப்யூஸ் கட்டையையும் பிடுங்கி உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க, அங்கேயே வச்சுட்டு வராதீங்க, நல்ல மனசோட வந்து யாராவது மாட்டிடுவாங்க. நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீங்க. மீட்டரை முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல வச்சுப் பாத்து, அப்புறம் ஸ்டார்ட்டர்ல மூணு பேஸும் ஒண்ணுக்கொண்ணு, ஒவ்வொண்ணும் எர்த்துக்கு, எல்லாம் பாத்து, திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்துல வச்சு மீட்டர் உயிரோட இருக்கான்னு பாக்கணும். கெப்பாசிட்டர் மாட்டிருந்தா கொஞ்ச நேரம் விட்டு, அதையும் மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும், மெயின் ஆஃப் பண்ண பிறகும் அதுல சார்ஜ் நிக்கும்.

போட்டோ எடுத்துக்குங்க, ஒவ்வொரு ஒயருக்கும் டேப் ஒட்டி எது லைன் எது மோட்டார்னு எழுதுங்க. பழைய ஒயர்ல கலர் நம்பக்கூடாது, எல்லாம் கருப்பாகித்தான் இருக்கும், ரப்பர் மேல துணி சுத்தின காலத்து ஒயரா இருந்தா வளைச்சா பொடியா உதிரும். அப்படி உதிர்ந்தா லைன்ல இருந்து மோட்டார் வரைக்கும் புதுசு இழுங்க, 5 ஹெச்பிக்கு 2.5 ஸ்கொயர் செம்பு ஒயர், பட்டன் பக்கம் 1 ஸ்கொயர் போதும், நுனிக்கெல்லாம் லக் போட்டு கிரிம்ப் பண்ணுங்க. ரொம்பப் பழைய ஸ்டார்ட்டர்ல காண்டாக்டுக்கு மேல சாம்பல் கலர்ல தடுப்புக் கட்டை இருக்கும், பொறியை அடக்கறதுக்கு, சிலதுல அது ஆஸ்பெஸ்டாஸ், அதனால அதை ஊதவோ தேய்க்கவோ வேண்டாம், ஈரத்துணி போட்டு எடுத்து கவர்ல கட்டி வச்சுடுங்க.

கையோட மோட்டாரையும் பாத்துடுங்க, இந்த ஒரு தடவைதான் அது லைன்ல இருந்து பிரிஞ்சு நிக்கும். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கற மீட்டர்) வச்சு வைண்டிங்குக்கும் பாடிக்கும் பாருங்க, 1 மெகா ஓமுக்குக் கீழ இருந்தா மாட்டாதீங்க, ஈரமா இருக்கும், காய வைக்கணும். டெர்மினல் பெட்டியில தகடு ஸ்டார்ல இருக்கா டெல்டால இருக்கான்னு பாத்து பிளேட்டோட ஒத்துப் பாருங்க.

ஒயரிங் கஷ்டம் இல்ல. மூணு பேஸ் மேல எல்1 எல்2 எல்3ல, கீழ ரிலே, ரிலேக்குக் கீழ டி1 டி2 டி3ல இருந்து மோட்டார். கண்ட்ரோல் வழி இப்படி: எல்1ல இருந்து கிளம்பி ஒரு சின்ன ஃப்யூஸ், அப்புறம் ரிலேயோட 95 உள்ள போயி 96ல வெளிய, அங்க இருந்து பெட்டியில இருக்கற சிவப்பு பட்டன், அங்க இருந்து மெஷின்ல வச்ச காளான் பட்டன், அங்க இருந்து பச்சை பட்டன், பச்சையோட மறுபக்கம் காயிலோட ஒரு முனையான ஏ1க்கு. பச்சை பட்டனுக்கு ரெண்டு பக்கத்துலயும் 13ம் 14ம் சேரணும், உங்க பழையதுல போனது இந்த இடம்தான். காயிலோட மறு முனை ஏ2 நேரா எல்3க்கு. ஸ்டாப் பட்டன் எத்தனை வேணா சேர்க்கலாம், எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையில வரணும், எங்க ஒயர் அறுந்தாலும் மெஷின் நிக்கணும், அதான் கணக்கு. 95-96 ஐ விட்டுட்டு ஒயரிங் பண்ணா ரிலே ட்ரிப் ஆனாலும் மோட்டார் ஓடிட்டே இருக்கும், ரெடிமேடா வர்ற ஸ்டார்ட்டர்ல இது உள்ளயே போட்டிருக்கும், நீங்க தனித்தனியா வாங்கி மாட்டறதா இருந்தா மறக்காதீங்க.

ரிலேயை 7.5ல வைங்க, பிளேட்ல இருக்கற ஆம்ப் அதே அளவு, கொஞ்சம் கூட இருக்கட்டும்னு 9ல வைக்கறது வேண்டாம். கெப்பாசிட்டர் இருந்தா அது ரிலேக்குக் கீழ மோட்டார் பக்கம் மாட்டிருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா ரிலே வழியா போற கரண்ட் மோட்டாரோட கரண்டை விட கம்மியா இருக்கும், டங் டெஸ்டர் வச்சு ரிலே பக்கம் அளந்து அதுக்குத் தகுந்த மாதிரி இறக்கி வைக்கணும். ரீசெட் கையால அமுக்கற மாதிரி வைங்க, ஆட்டோ வேண்டாம்.

எர்த் ரெண்டு. மூணு பேஸ் மோட்டார் பாடிக்கு ரெண்டு தனித்தனி எர்த் ஒயர் போகணும்ங்கறது சட்டத்துலயே இருக்கு. ஒண்ணு விட்டாலும் ஒண்ணு காக்கும். பெட்டிக்கும் எர்த் போடுங்க, பெயிண்ட் சுரண்டி இரும்பு தெரியற இடத்துல.

ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டிடுங்க. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அவசரத்துல விட்டுடுவாங்க. ஒயர் மாத்தி மாட்டினதுல மோட்டார் எந்தப் பக்கம் சுத்தும்னு யாருக்கும் தெரியாது. பிளாக்கோட மேல் பக்கம் நீங்க நிக்கற பக்கத்தைப் பாத்து வரணும், பலகை போற திசைக்கு எதிரா. திருப்பி சுத்தினா கத்தி வெட்டாது, பலகையைப் பிடிச்சு அந்தப் பக்கம் வீசும், கூடவே கையும் போகும். வெறும் மோட்டாரை ஒரு தட்டு தட்டி திசை பாருங்க, தப்புன்னா ஏதாவது ரெண்டு பேஸை மாத்துங்க, போதும். உங்க தெரு டிரான்ஸ்பார்மர்ல ஈபிக்காரங்க வேலை பாத்துட்டுப் போனாலும் அன்னைக்கு முதல் தடவை திசை பாத்துட்டுத்தான் பலகை வைக்கணும், அவங்க பக்கம் பேஸ் மாறிருக்கலாம்.

திசை சரின்னா லோடு இல்லாம மூணு பேஸ் கரண்டையும் அளங்க. 5 ஹெச்பில சும்மா ஓடும்போது 3, 3.5 ஆம்ப் கிட்ட இருக்கும், முக்கியமா மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ஒண்ணு மட்டும் தள்ளி இருந்தா லைன் வோல்ட்டேஜை அளந்து பாருங்க, அது சரியா இருந்தா மோட்டார் வைண்டிங்தான். அப்புறம் பெல்ட் போட்டு ஓட்டி, ரிலேல இருக்கற டெஸ்ட் பட்டனைத் தள்ளுங்க, மோட்டார் நிக்கணும். காளான் பட்டன் அமுக்குங்க, நிக்கணும், பட்டனைத் திருப்பி விடுவிச்சதும் தானா ஓடக்கூடாது. கடைசியா ஓடிட்டு இருக்கும்போது மெயினை ஆஃப் பண்ணி, பிளாக் முழுசா நிக்கற வரைக்கும் காத்திருந்து, மெயினை ஆன் பண்ணுங்க. மெஷின் அசையக் கூடாது. இந்தக் கடைசி டெஸ்டை பட்டறையில வேலை செய்யற எல்லாரையும் கூப்பிட்டு வச்சு அவங்க கண் முன்னாடி பண்ணுங்க. இருந்தாலும் பிளாக்ல கை வைக்கறதுன்னா மெயின் ஆஃப்ல இருக்கணும்னும் அப்பவே சொல்லிடுங்க, காண்டாக்ட் ஒட்டிக்கற நாளும் ஒண்ணு வரும்.

மாட்டின பிறகு ட்ரிப் ஆக ஆரம்பிச்சா ரிலேயை ஏத்தாதீங்க. இத்தனை வருஷமா ரிலே இல்லாம ஓடினதால மெஷின்ல இருக்கற கோளாறு எதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கத்தி மொக்கையா இருக்கும், பெல்ட் ரொம்ப இறுக்கமா இருக்கும், பிளாக் பேரிங் கிரீஸ் காஞ்சு போயிருக்கும், இல்ல ஒரே தடவையில ரொம்ப ஆழமா எடுப்பீங்க. கத்தியைத் தீட்டி மாட்டிட்டு அதே பலகைக்கு ஆம்ப் எவ்ளோ குறையுதுன்னு டங் டெஸ்டர்ல பாருங்க, அப்புறம் கத்தி தீட்டறதைத் தள்ளிப் போட மாட்டீங்க.

பக்கத்துப் பட்டறை 36 இன்ச் பேண்ட் ஸா ஸ்டார்ட் ஆகும்போதே ட்ரிப் ஆகுதுன்னு கேட்டீங்கல்ல, அது வேற கதை, அங்க ரிலே மேல தப்பில்ல, ரிலேயோட வகை தப்பு. ரெண்டு பெரிய வார்ப்பிரும்பு சக்கரத்தை சுத்தி வேகத்துக்குக் கொண்டு வர பத்து பதினஞ்சு செகண்டு ஆகும், அவ்ளோ நேரமும் மோட்டார் அஞ்சாறு மடங்கு இழுக்கும். கடையில சும்மா கேட்டா குடுக்கறது கிளாஸ் 10 ரிலே, அது 7.2 மடங்கு கரண்டுக்கு பத்து செகண்டுக்குள்ள விழுந்துடும். அவங்களுக்கு கிளாஸ் 20, ரொம்பக் கனமான சக்கரம்னா கிளாஸ் 30 வேணும், ஆம்ப் செட்டிங் அதேதான் இருக்கணும். மோட்டார் பெருசுன்னா ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (முதல்ல ஸ்டார் இணைப்புல கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்தறது) போட்டிருப்பாங்க, அதுல ரிலே எங்க உக்காந்திருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. மெயின் கான்டாக்டருக்குக் கீழ, வைண்டிங்குக்குப் போற வழியில இருந்தா, பிளேட் ஆம்ப்ல 0.58 மடங்குதான் வைக்கணும். 20 ஆம்ப் மோட்டார்னா 11.6. அங்க 20 வச்சிருந்தாங்கன்னா மோட்டாருக்குக் காவலே இல்லைன்னு அர்த்தம்.

பழைய பெட்டியை உடனே காயலான் கடைக்குப் போடாதீங்க. காயில் நல்லா இருக்கு, அதை எடுத்து வோல்ட்டேஜ் எழுதி வச்சுக்குங்க, அதே மாடல் வச்சிருக்கற யாருக்காவது உதவும். புது ஸ்டார்ட்டர் மூடிக்குள்ள ஒரு பேப்பர் ஒட்டி, காயில் 415, ரிலே 7.5, மாட்டின தேதி, சும்மா ஓடும்போது மூணு பேஸ்லயும் அளந்த ஆம்ப், இதெல்லாம் பேனாவால எழுதி வைங்க. மோட்டார் பிளேட் துடைச்சதும் ஒரு போட்டோ அனுப்புங்க, ஆம்ப் வேற மாதிரி இருந்தா ரிலே ரேஞ்சை மாத்திச் சொல்றேன், அதுக்கு முன்னாடி கடையில வாங்கிடாதீங்க.